மூளையிற் பட்ட காயம்

மனம் எங்கே இருக்கின்றது என்று ஒருவரை வினவினால், அவர் தம்மை அறியாமலே கையை மார்பின்மேல் வைப்பார். நெஞ்சு என்னும் தமிழ்ச்சொல் உடலின் ஓர் உறுப்பையும் குறிக்கும், உள்ளத்தையும் குறிக்கும். கிரேக்க நாட்டுப் பேரறிஞராகிய அரிஸ்டோட்டிலும் இவ்வாறே எண்ணினார். அறிவின் இருப்பிடம் இருதயம் என்பதும், மூளையானது உடலின் சூட்டைத் தணிக்கும் உறுப்பு என்பதும் அவர் கொள்கை. அத்துணைப் பெரிய அறிவாளி இதில் இப்படித் தவறினாரே என்று நாம் நகைக்க வேண்டியதில்லை. இருதயம் துடிப்பதை நாம் உணர்கின்றோம். அச்சம் வந்தால் அது விரைகின்றது. மூளையோ ஓசையின்றி இருக்கின்றது. அதனைத் தொட்டாலும் அறுத்தாலும் அதற்கு வலி தெரியாது. தன் தொழிலை அது ஒழுங்காகச் செய்யும்வரை அதனை எவரும் நினைப்பதில்லை. பழுதுபட்ட பின்னரே அது செய்துவந்த தொழில் இன்னது என்பது வெளிப்படுகின்றது.

ஆகவே மூளையைப் பற்றி மனிதர் பெற்ற அறிவின் வரலாறு, பெரும்பாலும் மூளையிற் காயம் பட்டோரின் வரலாறாகவே இருக்கின்றது. நேயர்களே, அத்தகையோர் சிலரைப் பற்றியே இன்று பேச எண்ணுகின்றேன். அவர்கள் தம்மை ஆராய்ச்சிக்கென்று ஒப்புக்கொடுத்தவர்கள் அல்லர். ஒருவர் புகையிரதப் பாதை அமைக்கும் வேலையில் இருந்தார். மற்றொருவர் சப்பாத்துத் தைப்போருக்கு வேண்டிய மரக்கட்டைகளைச் செதுக்கும் தொழிலாளி. இன்னொருவர் வலிப்பு நோயினால் வருந்திய இளைஞர். இவர்களிடம் காயம் எதனைப் பறித்தது என்பதை வைத்தியர்கள் எழுதிவைத்தார்கள். எது எஞ்சி நின்றது என்பதை எழுதியவர்கள் குறைவு. அக்குறையையும் சேர்த்துப் பார்த்தாலன்றி இவ்வரலாறு நிறைவு பெறாது.

மிகப் பழைய சான்று எகிப்திலிருந்து கிடைத்தது. 1862ஆம் ஆண்டில் எட்வின் சிமித் என்னும் அமெரிக்கர் லக்சர் நகரில் ஒரு பாப்பிரசுச் சுருளை விலைக்கு வாங்கினார். அச்சுருளை ஜேம்ஸ் ஹென்றி பிரெஸ்டெட் என்னும் அறிஞர் முழுவதும் மொழிபெயர்த்து 1930இல் வெளியிட்டபோதுதான் அதன் பெருமையை உலகம் அறிந்தது. ஏறக்குறையக் கி. மு. 1600ஆம் ஆண்டளவில் எழுதப்பட்ட அச்சுருள், அதனினும் பழைய நூலொன்றின் பிரதி என்று கருதப்படுகின்றது. அதிலே 48 நோயாளிகளைப் பற்றிய குறிப்புகள் உள்ளன. அவற்றுள் 27 தலைக்காயங்கள். மந்திரம் தந்திரம் மிகுந்த அக்காலத்தில், அந்நூலின் ஆசிரியர் காயத்தை விரலால் தடவிப் பார்த்து, எலும்பு உடைந்துள்ளதா, நோயாளி கழுத்தைத் திருப்ப வல்லவனா, நடை தளர்ந்துள்ளதா என்று ஒவ்வொன்றாக ஆராய்கின்றார். கன்னப்பொறியில் எலும்பு நொறுங்கிய ஒருவன் வினவியதற்கு விடை கூறமாட்டாதவனாய், பேச்சிழந்து இருந்ததையும் குறித்துள்ளார். காயம் ஓரிடத்தில், இழப்பு வேறோரிடத்தில். நாக்கிலே ஒரு குறையும் இல்லாதவன் பேச்சை இழந்தது ஏன் என்னும் வினாவுக்கு விடை கிடைக்க ஏறக்குறைய 3,500 ஆண்டுகள் சென்றன.

அச்சுருளில் ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் வைத்தியர் தீர்ப்புக் கூறுகின்றார். தாம் குணப்படுத்தக் கூடியது, தாம் போராடிப் பார்க்கக் கூடியது, வைத்தியம் செய்யத் தகாதது என்று தீர்ப்பு மூவகைப்படும். தலைக்காயங்களிற் பல மூன்றாம் வகையைச் சேர்ந்தன. அதனைக் கடுமை என்று கொள்ளுதல் ஆகாது. தம்மால் இயலாததை இயலாதென்று கூறிய நேர்மை அது.

இனி 1848ஆம் ஆண்டுக்கு வருவோம். வட அமெரிக்காவின் வெர்மொண்ட் மாநிலத்திலே, கவென்டிஷ் என்னும் சிற்றூருக்கு அருகில், மலைப்பாறைகளை உடைத்துப் புகையிரதப் பாதை அமைத்துக்கொண்டிருந்தார்கள். அவ்வேலையாட்களுக்கு மேற்பார்வையாளராக, நம் நாட்டு வழக்கிற் சொன்னாற் கங்காணியாக இருந்தவர் பினியஸ் கேஜ். வயது 25. உடல்வலியும் ஊக்கமும் உடையவர், கணக்கிலே தவறாதவர், வேலையாட்களிடமும் முதலாளிகளிடமும் நன்மதிப்புப் பெற்றவர்.

பாறையிலே துளையிட்டு, வெடிமருந்தையும் திரியையும் இட்டு, அதன்மேல் மணல் கொட்டி, இரும்புக் கோலால் இறுக இடித்துப் பின்னர்த் தீயிடுவது வழக்கம். அக்கோல் நம் ஊர்களில் வேலிக்குக் கதியால் நடக் குழி தோண்டும் அலவாங்கை ஒத்தது. கேஜ் அதனைத் தம் கைக்கு ஏற்பத் தனியே செய்வித்திருந்தார். நீளம் 3 அடி 7 அங்குலம். கனம் 1¼ அங்குலம். நிறை 13¼ இறாத்தல். ஒரு முனை கூராகத் தேய்ந்திருந்தது. செப்டெம்பர் 13ஆந் தேதி மாலை நாலரை மணியளவில், வெடிமருந்து இட்டாயிற்று. மணல் இன்னும் கொட்டப்படவில்லை. பின்னால் நின்ற வேலையாட்களின் பக்கம் கேஜ் தலையைத் திருப்பினார். திருப்பியவாறே கோலை இடித்தார். இரும்பு பாறையில் உரசித் தீப்பொறி எழுந்தது.

வெடித்த மருந்து கோலை மேலே எறிந்தது. அது அவருடைய இடக் கன்னத்தின் வழியே புகுந்து, இடக் கண்ணின் பின்புறமாகச் சென்று, மூளையின் முன்பகுதியைத் துளைத்து, உச்சியின் வழியே வெளியேறி, வெகுதூரத்திற்கு அப்பால் விழுந்தது. இரத்தமும் மூளைத் துணுக்குகளும் அதன்மேற் படிந்திருந்தன என்று எடுத்துவந்தவர்கள் கூறினார்கள். கேஜ் மல்லாந்து விழுந்தார். கைகால்கள் சற்றே துடித்தன. ஆனால் சில நிமிடங்களில் அவர் பேசினார். மாட்டுவண்டியிலே நிமிர்ந்து உட்கார்ந்தவாறே முக்கால் மைல் தூரம் சென்று, தாம் தங்கியிருந்த விடுதியின் முன்னே இறங்கினார். முதலில் வந்த வைத்தியரிடம், உமக்கு இங்கே போதுமான வேலை உண்டு என்னும் கருத்துப்பட நகைச்சுவையாகக் கூறினாராம். நடந்ததைக் கேட்ட வைத்தியர் நம்பவில்லை. ஆனால் நோயாளி எழுந்து வாந்தியெடுத்தபோது, அந்த முயற்சியினாலே அரைத் தேநீர்க் கிண்ணமளவு மூளைப்பொருள் வெளியே தள்ளப்பட்டு நிலத்தில் விழுந்ததைக் கண்டபின்னர் ஐயுறுவதற்கு இடமிருக்கவில்லை.

அன்று மாலை ஆறு மணியளவிற் பொறுப்பை ஏற்றவர் ஜோன் மார்ட்டின் ஹார்லோ. அவருக்கு வயது 28, ஊர் வைத்தியர். நோய்க் கிருமிகளைப் பற்றிய அறிவு அந்நாளில் வைத்திய உலகுக்கு இல்லை. அவர் உடைந்த எலும்புத் துணுக்குகளை அகற்றினார். பெரிய துண்டுகளைத் திரும்பப் பொருத்தினார். காயத்தை முற்றாக மூடிவிடாமல், நீர் வடிவதற்கு வழி விட்டு மருந்திட்டார். பத்து நாட்களுக்குப் பின் சீழ் கட்டியது. நோயாளி நினைவிழந்து கிடந்தார். உற்றார் சவப்பெட்டியையும் ஆயத்தமாக வைத்திருந்தனர். ஹார்லோ நெற்றித் தசையின் கீழே கட்டியிருந்த சீழைக் கீறி வெளியேற்றினார். எட்டு அவுன்சு வெளிவந்தது. ஒக்டோபரில் கேஜ் எழுந்து அமர்ந்தார். நவம்பர் 25ஆந் தேதி, விபத்து நிகழ்ந்து பத்துக் கிழமைகளில், நியூஹாம்ஷயர் மாநிலத்திலிருந்த தம் பெற்றோர் வீட்டுக்குத் திரும்பிவிட்டார். இடக் கண்ணிற் பார்வை போயிற்று. தாம் மருந்திட்டதாகவும் குணப்படுத்தியது கடவுளே என்றும் ஹார்லோ பின்னர் அடக்கத்துடன் எழுதினார்.

கேஜ் உயிர் பிழைத்த விதத்தைச் சற்று நிதானித்து நோக்குதல் வேண்டும். மூளையின் அடித்தண்டிலே சுவாசத்தையும் இருதயத் துடிப்பையும் ஆளும் பகுதிகள் உள்ளன; கோல் அப்பக்கம் செல்லவில்லை. உச்சியின் நடுவே செல்லும் பெரிய இரத்தநாளத்தையும் அது தப்பிச் சென்றது. கோலின் கூர்முனை முந்திச் சென்றமையாற் சிதைவு அதன் வழியோடு அமைந்தது. இவற்றைவிட முக்கியமானது ஒன்றுண்டு. மண்டையோடு விரிந்து கொடுக்காத ஒரு பெட்டி. தலையில் அடிபட்டால் உள்ளே இரத்தம் கசியலாம்; மூளை வீங்கலாம். வெளியேற வழியின்றி அழுத்தம் ஏறும்போது, இரத்தம் மூளைக்குச் செல்லுதல் குன்றும். ஆகவே முதலடியிலே தப்பிய பகுதியும் பின்னர் அழிகின்றது. மூளையின் நிறை உடலின் நிறையில் நூற்றுக்கு இரண்டு பங்கே. ஆனால் உடல் உட்கொள்ளும் ஒட்சிசனில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கை அது வாங்கிக்கொள்கின்றது. சில நிமிடங்கள் அது கிடைக்காவிட்டால் மூளையின் உயிரணுக்கள் மடியத் தொடங்கும். இரத்தக்குழாய் அடைபட்டோ வெடித்தோ உண்டாகும் பாரிசவாதமும், நீரில் மூழ்கி மீட்கப்பட்டோருக்கு நேரும் பாதிப்பும், பிறக்கும்போது மூச்சுத் தடைப்பட்ட குழந்தைக்கு நேரும் பாதிப்பும் இந்த வழியாலேயே வருகின்றன. மூளைக் காய்ச்சல், நெடுங்கால மதுப்பழக்கத்தோடு சேரும் உயிர்ச்சத்துக் குறைவு முதலியன வேறு வழிகள். கேஜுடைய மண்டையில் இருந்த பெருந்துளை, கொடிய காயமாயினும், அழுத்தத்துக்கும் சீழுக்கும் ஒரு வாயிலாக அமைந்துவிட்டது.

ஹார்லோ அனுப்பிய முதல் அறிக்கை அவ்வாண்டு டிசம்பரில் பொஸ்டன் நகர வைத்திய இதழில் வெளிவந்தது. பலர் நம்ப மறுத்தனர். ஹார்வார்ட் பல்கலைக்கழகத்துச் சத்திரசிகிச்சைப் பேராசிரியர் ஹென்றி பிகெலோ கேஜைப் பொஸ்டனுக்கு வருவித்து நேரிற் சோதித்தார். நிகழ்ச்சி உண்மை என்றும், நோயாளி உடலாலும் அறிவாலும் ஏறக்குறைய முற்றாகத் தேறிவிட்டார் என்றும் 1850இல் எழுதினார்.

பேராசிரியர் காணாததை ஊர் வைத்தியர் கண்டிருந்தார். கேஜ் பழைய வேலையைக் கேட்டபோது முதலாளிகள் கொடுக்கவில்லை. முன்னர் அவரைப் புகழ்ந்தவர்களே, இவர் பழைய கேஜ் அல்லர் என்றார்கள். சினம் மிகுந்தவராயும், வாயில் வந்தபடி இழிசொல் பேசுபவராயும், பிறரை மதியாதவராயும், ஒரு திட்டத்தைத் தொடங்கி உடனே மற்றொன்றுக்குத் தாவுபவராயும் அவர் மாறிவிட்டதாக ஹார்லோ குறித்தார். ஆற்றுப்படுகையிற் பொறுக்கிய சில கூழாங்கற்களுக்கு 1,000 டொலர் தருவதாகச் சொன்னாலும் அவர் கொடுக்க மறுத்தாராம். நினைவு இருந்தது, பேச்சு இருந்தது, கைகால்களின் வலி இருந்தது, ஆளைத்தான் காணவில்லை. நற்குணம், அடக்கம், முன்யோசனை என்று நாம் ஆன்மாவின் இயல்புகளாகப் போற்றுபவை மூளையின் ஒரு பகுதியைச் சார்ந்து நிற்கின்றன என்பது எவரையும் திகைக்கச் செய்யும் செய்தி அன்றோ! ஹார்லோவே இதனை உடனே வெளியிடவில்லை. இருபது ஆண்டுகள் கழித்து 1868இல்தான் விரிவாக எழுதினார். அதற்குள் கேஜ் இறந்துவிட்டார்.

இவ்வளவோடுதான் பாடநூல்கள் கேஜை விட்டுவிடுகின்றன. குடித்துச் சீரழிந்தவர் என்றும், ஒரு வேலையிலும் நில்லாதவர் என்றும், காட்சிப்பொருளாகத் திரிந்தவர் என்றும் பின்வந்தோர் தத்தம் கற்பனையைச் சேர்த்துக்கொண்டனர். நியூயோர்க்கில் பார்னம் என்பவருடைய காட்சிச்சாலையிலே தம் கோலுடன் அவர் சில காலம் நின்றது உண்மையே. ஆனால் அதன் பின்னர் அவர் செய்தது என்ன? நியூஹாம்ஷயரில் ஒரு குதிரை லாயத்தில் ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு ஒழுங்காக வேலை செய்தார். 1852இல் தென்னமெரிக்காவின் சிலி நாட்டுக்குச் சென்றார். அங்கே வல்பரைசோ துறைமுகத்துக்கும் சந்தியாகோ நகருக்கும் இடையில் ஆறு குதிரைகள் பூட்டிய பயணிகள் வண்டியை ஓட்டினார். ஏறக்குறைய ஏழு ஆண்டுகள்! ஆறு குதிரைகளின் கடிவாளங்களையும் ஒருங்கே ஆள வேண்டும். நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட கரடுமுரடான வழியை அறிந்திருக்க வேண்டும். விடியுமுன் எழுந்து குதிரைகளைக் கவனிக்க வேண்டும். அந்நிய மொழி பேசும் பயணிகளோடு இணங்கிப்போக வேண்டும். தன்னை அடக்கத் தெரியாத ஒருவனை எந்த முதலாளி ஏழு ஆண்டு வைத்திருப்பான்? சிலியில் அவரை நன்கு அறிந்திருந்த வைத்தியர் ஒருவரும், அவர் நல்ல உடல்நலத்தோடும் அறிவுக் குறைவு ஏதுமின்றியும் இருந்ததாகவே 1860இல் தெரிவித்தார்.

மல்கம் மக்மில்லன் என்னும் அவுஸ்திரேலிய அறிஞர் பழைய பதிவுகள் அனைத்தையும் துருவி ஆராய்ந்து 2000ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். ஹார்லோ வருணித்த குணக்கேடு விபத்தின் பின்வந்த முதற்காலத்துக்கு உரியது என்பதும், நாள்தோறும் ஒரே ஒழுங்கில் அமைந்த வண்டிவேலை கேஜ் தம்மை மீண்டும் அமைத்துக்கொள்ள உதவியிருக்கலாம் என்பதும் அவர் கருத்து. எனக்கு இது மிகவும் பொருத்தமாகவே தோன்றுகின்றது. மடிந்த மூளையணுக்கள் பெரும்பாலும் திரும்ப முளைப்பதில்லை. ஆயினும் எஞ்சியவை, பழக்கத்தின் வலியினாலே, இழந்த தொழிலிற் சிலவற்றை ஏற்றுக்கொள்ளும் என்பதை இன்றைய வைத்தியமும் ஒப்புக்கொள்கின்றது. குதிரைகளிடத்தும் நாய்களிடத்தும் குழந்தைகளிடத்தும் கேஜ் பேரன்பு வைத்திருந்தாரென்றும், தம் சகோதரியின் பிள்ளைகளுக்கு நம்பமுடியாத வீரக்கதைகளைச் சொல்லி மகிழ்வித்தாரென்றும் அவர் தாயார் ஹார்லோவிடம் கூறினார். அக்கதைகளுள் எது பொய், எது மெய் என்று அப்பிள்ளைகள் எவ்வாறு அறிந்தார்களோ! அவர்களுடைய மாமனாரின் மெய்க்கதையே அவற்றுள் நம்பமுடியாததாய் இருந்திருக்குமே.

1859இல் உடல்நலம் குன்றியதாற் சான் பிரான்சிஸ்கோவில் இருந்த தாயிடம் வந்து சேர்ந்தார். அடுத்த ஆண்டு வலிப்புக் கண்டது. மூளைக்காயத்தின் தழும்பு பல்லாண்டுகளுக்குப் பின்னும் வலிப்பை உண்டாக்கக் கூடும். 1860 மே 21ஆந் தேதி, 36ஆம் வயதில், காலமானார். பின்னர் ஹார்லோவின் வேண்டுகோளுக்கு இணங்கிக் குடும்பத்தார் புதைகுழியைத் திறந்து மண்டையோட்டை எடுத்து, வாழ்நாளெல்லாம் அவர் பிரியாது வைத்திருந்த இரும்புக் கோலுடன் கொடுத்தார்கள். இரண்டும் இன்று ஹார்வார்ட் பல்கலைக்கழகத்துக்குரிய வொரன் உடற்கூற்று நூதனசாலையின் உடைமை.

கேஜ் சான் பிரான்சிஸ்கோவில் அடக்கஞ் செய்யப்பட்டு ஓராண்டு முடியுமுன், பாரிசு நகரத்தை அடுத்த பிசேத்ர் வைத்தியசாலையில் வேறொருவர் இறந்துகொண்டிருந்தார். லெபோர்ன் என்பது அவர் பெயர். முப்பது வயதளவில் பேச்சிழந்து அங்கே வந்தவர். எதைக் கேட்டாலும் 'தான், தான்' என்ற ஓரசையையே இருமுறை சொல்வார்; ஆகவே வைத்தியசாலையார் அவரைத் தான் என்றே அழைத்தனர். தமிழ் அறிந்தோருக்கு அப்பெயர் ஒரு விந்தையாகத் தோன்றும். தன்னைத் தவிர வேறொன்றும் சொல்ல வகையற்ற மனிதர்! வந்து பத்தாண்டு சென்றபின் வலக்கை தளர்ந்தது, பின்னர் வலக்கால். கடைசி ஏழாண்டு அளவும் படுக்கையிலேயே கிடந்தார். படுக்கையை அசுத்தப்படுத்தாதவர் ஆகையால் அவருடைய விரிப்பைக் கிழமைக்கு ஒருமுறையே மாற்றினார்கள். அதனால் உணர்வு குன்றிய வலக்காலில் அழற்சி தோன்றிப் பாதம் முதல் தொடைக்கு மேலும் பரவும்வரை எவரும் காணவில்லை. வலியைச் சொல்ல அவருக்கு வாயில்லை.

1861 ஏப்ரலில் அவர் சத்திரசிகிச்சைப் பிரிவுக்கு மாற்றப்பட்டபோது, அங்கே இருந்தவர் போல் புரோக்கா. பேச்சுக்கென மூளையில் தனியிடம் உண்டா என்னும் வாதம் அப்போது பாரிசிலே மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. புரோக்கா இந்நோயாளியைக் கவனித்து வினாவினார். இங்கே எத்தனை ஆண்டு இருந்தீர் என்று கேட்டார். லெபோர்ன் இடக்கையை நான்கு முறை விரித்துக் காட்டி, பின் ஒரு விரலைக் காட்டினார். இருபத்தொன்று. கணக்குச் சரி. அடுத்த நாளும் அதே கேள்வி, அதே விடை. மூன்றாம் முறை கேட்டபோது, தம்மைச் சோதிக்கின்றார்கள் என்று உணர்ந்து கோபங் கொண்டார். அக்கோபம் ஒன்றே அவருக்குள் ஒரு முழு மனிதன் இருந்தான் என்பதற்குப் போதிய சான்று. எனினும், அவர் சுயநலமி, பழிவாங்கும் குணமுடையவர் என்று உடனிருந்தோர் வெறுத்தனராம். இருபத்தோராண்டு தன் கருத்தைச் சொல்ல முடியாதவன் இன்முகங் காட்டவில்லை என்று குறைகூறுதல் எளிது.

ஏப்ரல் 17ஆந் தேதி லெபோர்ன் இறந்தார். புரோக்கா மூளையை எடுத்துப் பார்த்தார். இடப்பக்கத்து நெற்றிப் பகுதியின் கீழ்மடிப்பில் பெரும் பழுது கண்டார். அடுத்த நாளே அறிஞர் சபைமுன் காட்டினார். அவ்வாண்டின் பிற்பகுதியில் 84 வயதான மற்றொரு முதியவரின் மூளையிலும் அவ்விடத்திலேயே பழுது இருந்தது. அவர் ஐந்து சொற்களையே பேச வல்லவர். எந்த எண்ணுக்கும் மூன்று என்றே சொல்லுவார், ஆனால் சரியான எண்ணை விரலாற் காட்டுவார். 1865இல், நாம் இடப்பக்க மூளையாற் பேசுகின்றோம் என்று புரோக்கா முடிவு கூறினார். பெரும்பாலோர்க்கு அது பொருந்துகின்றது. பாப்பிரசுச் சுருளின் வினாவுக்கு இவ்வாறு விடை கிடைத்தது. ஆயினும் விடை முழுமையானதன்று. பாதுகாக்கப்பட்ட அவ்விரு மூளைகளையும் 2007இல் காந்தப் படமெடுத்து ஆராய்ந்தபோது, பழுது புரோக்கா கண்ட மேற்பரப்போடு நில்லாமல் உள்ளே ஆழச் சென்றிருந்தது தெரியவந்தது.

லெபோர்னின் மூளை உலகப்புகழ் பெற்றது; அவரோ ஒன்றரை நூற்றாண்டு வெறும் குடும்பப்பெயராகவே இருந்தார். 2013இல் போலந்து நாட்டு ஆராய்ச்சியாளர் ஒருவர் பழைய பதிவேடுகளைத் தேடி, அவர் லூயி விக்தோர் லெபோர்ன் என்றும், 1809இல் மொரே என்னும் ஊரிற் பிறந்தவர் என்றும், சப்பாத்துத் தொழிலுக்கு வேண்டிய அச்சுக்கட்டை செய்பவர் என்றும் வெளியிட்டார்.

மூன்றாமவருக்குக் காயத்தை உண்டாக்கியது வைத்தியரின் கத்தியே. அமெரிக்காவின் ஹார்ட்போர்ட் நகரத்தைச் சேர்ந்த ஹென்றி மொலைசன் கடும் வலிப்பினால் வருந்தினார். 1953 செப்டெம்பர் முதலாந் தேதி, அவருடைய 27ஆம் வயதில், வில்லியம் ஸ்கோவில் என்னும் சத்திரசிகிச்சையாளர் மூளையின் இருபுறத்துப் பொட்டுப் பகுதிகளின் உட்புறத்தை அகற்றினார். வலிப்புக் குறைந்தது. ஆனால் அன்றிலிருந்து புதிய நினைவொன்றும் அவரிடம் தங்கவில்லை. சற்று முன்னர் உண்டதையும் மறந்தார். நாள்தோறும் காணும் ஆராய்ச்சியாளரையும் புதியவராகவே வரவேற்றார். பிரெண்டா மில்னர் என்னும் அம்மையார் அவரைச் சோதித்தபோது மற்றொரு விந்தை வெளிப்பட்டது. கண்ணாடியில் தெரியும் உருவைப் பார்த்து நட்சத்திரம் வரையும் பயிற்சியில் அவர் நாளுக்கு நாள் தேறினார். ஆனால் அதனை முன்னர் செய்ததாக அவருக்கு நினைவே இல்லை. கை கற்றுக்கொள்ளும் வழி வேறு. மனம் நினைவுகொள்ளும் வழி வேறு. ஏறக்குறைய ஐம்பதாண்டு அவர் பொறுமையுடன் சோதனைகளுக்கு இணங்கினார். 2008இல், 82ஆம் வயதில், இறக்கும்வரை உலகம் அவரை எச்.எம். என்னும் இரண்டு எழுத்துகளாலேயே அறிந்திருந்தது.

இதுவரை கூறியவை காயம் பட்டபின் நிகழ்ந்தவை. காயமே படாதிருக்க வழி தேடிய ஒருவரைப் பற்றியும் கூறவேண்டும். அவ்வழியும் ஒரு மரணத்தினாலேயே திறந்தது. அரேபிய யுத்தத்திற் புகழ்பெற்ற ரி. ஈ. லோரன்ஸ், 1935 மே 13ஆந் தேதி, இங்கிலாந்தின் டோர்செட் மாவட்டத்தில் தம் மோட்டார்ச் சைக்கிளிற் சென்றுகொண்டிருந்தார். எதிர்ப்பட்ட இரு சிறுவர்களின் துவிச்சக்கரவண்டிகளில் மோதாதிருக்க விலகியபோது தூக்கி எறியப்பட்டார். தலையில் கவசம் இல்லை. அக்காலத்தில் வீதியிற் செல்வோர் பெரும்பாலும் அதனை அணிவதில்லை. ஆறு நாட்கள் நினைவிழந்து கிடந்து 46ஆம் வயதில் இறந்தார். பார்க்க அழைக்கப்பட்ட வைத்தியர்களுள் ஒருவர் ஹியூ கெயாண்ஸ். அவுஸ்திரேலியாவிற் பிறந்து, பொஸ்டனில் ஹார்வி குஷிங்கிடம் மூளைச் சத்திரசிகிச்சை பயின்றவர். அவர் செய்யக்கூடியது ஒன்றும் இருக்கவில்லை. எகிப்திய வைத்தியர் கூறிய மூன்றாந் தீர்ப்பைத்தான் அவரும் கூறவேண்டியிருந்தது.

கெயாண்ஸ் அதனை மறக்கவில்லை. இரண்டாம் உலக யுத்தம் மூண்டதும் இராணுவத் தூதுவர்கள் இருட்டடிப்புச் செய்யப்பட்ட வீதிகளில் மோட்டார்ச் சைக்கிளில் விரைந்து மடிந்தனர். யுத்தத்தின் முதல் 21 மாதங்களில் 2,279 பேர் மோட்டார்ச் சைக்கிள் விபத்துகளில் இறந்தனர் என்பதையும், அவர்களுக்கு நேர்ந்த ஊறுகளுள் மிகுதியானவை தலைக்காயங்களே என்பதையும் 1941இல் அவர் எழுதிய கட்டுரை எடுத்துக் காட்டியது. தலைக்கவசம் அணிந்திருந்தும் விபத்துக்குள்ளானவர்களாக அவருக்குக் கிடைத்தவர் ஏழு பேரே, எழுவரும் பிழைத்திருந்தனர். ஏழு என்பது சிறிய எண்தான். ஆயினும் அவ்வாண்டு நவம்பரில் பிரித்தானிய இராணுவம் தன் மோட்டார்ச் சைக்கிள் வீரர் அனைவருக்கும் கவசத்தைக் கட்டாயமாக்கியது. 1943இல் கெயாண்ஸ் ஹவாட் புளோரியுடன் வட ஆபிரிக்காவுக்குச் சென்று, போர்க்களத்துத் தலைக்காயங்களிலே பெனிசிலினையும் சோதித்துப் பார்த்தார்; ஹார்லோ கத்தியால் கீறி வெளியேற்றிய சீழுக்கு மருந்தே மாற்றாக வந்தது. யுத்தம் முடிந்தபின், 1946இல், கவசம் வந்தபிறகு உயிரிழப்புக் குறைந்ததைக் கணக்கோடு நிறுவினார்.

கணக்கு ஒன்று, மக்கள் மனம் மற்றொன்று. வெய்யிலென்றும் வியர்வையென்றும் கூறிக் கவசத்தை முழங்கையிற் கொழுவிக்கொண்டு விரைவோரை நம் வீதிகளிலும் காணலாம். முழங்கைக்கு அது என்ன காவல் செய்யுமோ அறியேன். பிரித்தானியாவிலும் இராணுவத்தார் ஏற்றுக்கொண்டதைப் பொதுமக்கள்மேற் சட்டமாக விதிக்க அரசாங்கம் நெடுங்காலம் தயங்கியது. 1973இல்தான் அச்சட்டம் நடைமுறைக்கு வந்தது. லோரன்ஸ் இறந்து அப்போது 38 ஆண்டுகள். கெயாண்ஸ் இறந்து 21 ஆண்டுகள்.